புதுப்பிப்பு: அம்பாசடர் ஆயில் பிரஷர் விளக்கு, காரணம் இன்ஜினிலுள்ள பெட்ரோல் பம்ப்

எங்கள் பழைய அம்பாசடரில் (1489 சிசி பெட்ரோல்) இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் விளக்கு மினுக்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அந்த விளக்கை எரிய வைக்கும் ஸ்விட்சை இன்ஜினிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிரஷரை நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினோம். சூட்டில் ஐடிலிங்கில் வெறும் 6 பிஎஸ்ஐ. ஆக விளக்கு பொய் சொல்லவில்லை. பிரஷர் அதிகமானால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வையும் திறந்து பார்த்தாயிற்று, அதன் உள்ளே நகரும் பிளஞ்சர் சுத்தமாக இருந்தது. பட்டறையில் "பேரிங் போச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். கிட்டத்தட்ட சரி என்று சொல்லியிருப்பேன்.

"டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கண்ணே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தாரே, அதுதான் விடை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆயில் அளவு பார்க்கும் அந்தக் கம்பியை உருவினால் குப்பென்று பெட்ரோல் வாடை! ஆயில் மட்டமும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் குறையவே இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த லட்சணம் இது. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து, பெட்ரோல் சம்ப்புக்குள் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கசிந்து ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது. அதனால்தான் பிரஷர் இறங்கியிருக்கிறது.

டயாஃப்ரம் கிட் போட்டு, புது 20டபிள்யூ-50 ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். அப்புறம் மதுரையிலிருந்து ஆண்டிபட்டி கணவாய் ஏறி தேனி வரை ஓட்டினேன். இறங்கிப் பார்த்தபோது சூட்டில் ஐடிலிங் 18, ஓட்டத்தில் 50க்குக் குறையவில்லை.

பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஓட்டாதீர்கள், பேரிங் நிஜமாகவே போய்விடும். எனக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ, அடுத்த ஆயில் மாற்றும்போது சம்ப்பைக் கழற்றிப் பார்க்கப்போகிறேன்.