முற்போக்கா, முன்னேற்றவாதமா?

> அமெரிக்க வரலாற்றுப் பாடத்துல 'ப்ரொக்ரசிவ்'னு வர்ற இடத்துக்கெல்லாம் 'முன்னேற்றவாதம்'னு போடலாமா? முற்போக்குன்னாலே நம்மூர்ல கம்யூனிஸ்ட் வாடை வருதே.

அண்ணே, வாடை வருதுதான், இல்லைன்னு சொல்லல. 1936ல லக்னோவுல இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் தலைமையில நடந்த முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுல ஆரம்பிச்சு, இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இங்க தமுஎச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம்)ன்னு அந்தப் பேரைத் தூக்கி சுமந்தவங்க இடதுசாரிங்கதான். அதுக்காக சொல்லையே அவங்களுக்கு எழுதிக் குடுத்துடணுமா? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்ணுக்கு சொத்துல சம உரிமைன்னு தீர்மானம் போட்டாங்க, பூர்வீக சொத்துல மகளுக்கும் பிறப்புரிமைன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 1989ல, அப்பவும் ஏற்கனவே கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்குக் கிடையாதுன்னுட்டாங்க, அந்தக் குறை தீர 2005 வரைக்கும் ஆச்சு. அந்தத் தீர்மானத்த முற்போக்குன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

முன்னேற்றம்னா ரோடு போட்டாலும் முன்னேற்றம், சம்பளம் கூடினாலும் முன்னேற்றம். போதாததுக்கு திமுக பேர்லயே இருக்கு, படிக்கிற பையன் நேரா அறிவாலயத்துக்குப் போயிடுவான் :) எதிர்ச்சொல்லுக்கு என்ன பண்ணுவீங்க? முற்போக்குக்கு பிற்போக்கு ரெடியா நிக்குது.

எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். அமெரிக்காவுல இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல தங்களை 'ப்ரொக்ரசிவ்'னு சொல்லிக்கிட்டவங்கதான் கலப்பட உணவுக்கு எதிரா 1906ல சட்டம் கொண்டு வந்தாங்க, பெண்கள் ஓட்டுரிமைக்கும் நின்னாங்க. அதே கூட்டத்துல நிறைய பேரு யூஜெனிக்ஸையும் ('நல்ல' பரம்பரை மட்டும்தான் பெருகணும்ங்கிற கொள்கை) விஞ்ஞானம்னு நம்புனாங்க, 1907ல இந்தியானாவுல கட்டாயக் கருத்தடைச் சட்டமே வந்துச்சு. இதுக்குப் போய் 'முன்னேற்றம்'னு பேர் வெச்சா நாமளே சர்டிபிகேட் குடுத்த மாதிரி ஆயிடும். 'போக்கு'ன்னா அந்தத் தொல்லை இல்ல, போக்கு சரியாவும் போகும் தப்பாவும் போகும்.

அதனால 1912ல தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பிச்சது முற்போக்குக் கட்சி, அந்தக் காலம் முற்போக்குக் காலகட்டம், கொள்கைக்கு முற்போக்குவாதம். கட்சி, காலகட்டத்துக்கு முன்னாடி வர்ற 'க்' விட்டுடாதீங்க. 'ப்ரொக்ரசிவ் டாக்ஸ்', அதாவது வருமானம் கூடக் கூட வீதமும் கூடுற வரிக்கு மட்டும் இத இழுக்க வேணாம், பொருளியல் பாடத்துல வளர்வீத வரின்னு நல்ல சொல் ஏற்கனவே இருக்கு.

> சரிப்பா, மாத்திடறேன். அப்ப லிபரலுக்கு தாராளவாதம்தானா?

ஐயோ, அதுக்குத் தனி இழை திறங்கண்ணே. 'தாராளமயம்' வந்து குழப்பும், இங்க ஆரம்பிச்சா முடியாது.