சிபியு நூறு சதவீதம், வேலை மட்டும் நகரவில்லை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

அம்பத்தூர்க்காரன் எழுதியது:

எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சிஸ்டம் அட்மின். எங்களிடம் இருப்பது இரண்டு பிராசசர் போட்ட ரேக் சர்வர், ஆறு வயது. போன மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓட்டினோம். வழக்கமாக நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலை. அன்று மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது, மூன்று மணியாகியும் பாதிகூடத் தாண்டவில்லை. சிபியு நூறு சதவீதம். கணக்குப் பிரிவு மேடம் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பேசியிருந்தாலே தேவலை.

முதல் பழி டேட்டாபேஸ் மேல் விழுந்தது. மென்பொருள் கொடுத்தவர்கள் இண்டெக்ஸை மறுபடி கட்டச் சொன்னார்கள். கட்டினேன், அதற்கே இரண்டு மணி நேரம். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், டிஸ்க்கைச் சோதித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

துப்பு காதில்தான் கிடைத்தது. எங்கள் சர்வர் அறைக்குள் நின்றால் கத்தித்தான் பேச வேண்டும். அன்று ஃபேன் சத்தம் அடங்கிக் கிடந்தது. ரேக்குக்குப் பின்னால் கையை நீட்டினேன். சம்பளக் கணக்கு ஓடும்போது அங்கே வெந்நீர் ஆவி மாதிரி காற்று அடிக்கும். அன்று வந்த காற்று ஏசிக் காற்று போலவே இருந்தது. முழு மூச்சில் உழைக்கிற பிராசசர் சூடாகாமல் எப்படி இருக்கும்?

பிராசசரின் நிஜ வேகத்தைக் காட்டும் டர்போஸ்டாட் கருவியை ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் கோரும் 800 மெகாஹெர்ட்ஸில் நிற்கின்றன. அதன் அடிப்படை வேகமே 2.4 கிகாஹெர்ட்ஸ். சிபியு சதவீதம் என்பது பிராசசர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்ற கணக்குதான். எந்த வேகத்தில் இருந்தது என்று அது சொல்லாது. இத்தனை வருடத்தில் இதை யோசித்ததே இல்லை, கொஞ்சம் வெட்கம்தான்.

பிராசசர் எந்த வேகத்தில் ஓடலாம் என்று முடிவு செய்யும் கவர்னர் செட்டிங் முழு வேகத்துக்கான பெர்ஃபார்மன்ஸில் இருந்தது, சர்வர் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் பவர் ப்ரொஃபைலும் அப்படியே. ரீஸ்டார்ட் செய்தும் அதே 800. அப்போதுதான் உறைத்தது: இரண்டு நாள் முன்பு கரண்ட் போய், ஜென்செட் எடுப்பதற்குள் யுபிஎஸ்ஸும் கைவிட்டிருந்தது. பிராசசரில் புரோக்ஹாட் என்று ஒரு சிக்னல் உண்டு. சூடு மிஞ்சினால் வேகத்தைக் குறைக்க அது. ஆனால் அதைப் பிராசசர் மட்டும் எழுப்புவதில்லை. பவர் சப்ளையில் ஏதோ கோளாறு என்று போர்டுக்குத் தோன்றினாலும் வெளியிலிருந்து அதை இழுத்துப் பிடிக்கும். போர்டைக் கண்காணிக்கும் குட்டிக் கம்ப்யூட்டரான பி.எம்.சி, கரண்ட் போன குழப்பத்தில் அந்தப் பிடியை விடவே இல்லை என்பது என் கணிப்பு. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் பி.எம்.சி அசையாது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அது விழித்துக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் மாடலுக்கு வந்த ஃபர்ம்வேர் (பி.எம்.சி, பயாஸ் போல போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) குறிப்புகளைத் தோண்டினேன். மின்தடைக்குப் பின் பிராசசர் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும் பிரச்சினை சரிசெய்யப்பட்டது என்று நடுவில் ஒரு வரி. எங்களிடம் இருந்ததோ நான்கு வருடப் பழைய பதிப்பு. ஞாயிறு காலை பேக்கப் எடுத்துவிட்டு முதலில் பி.எம்.சி, அடுத்து பயாஸ். பயாஸ் ஏறும்போது திரை கறுப்பாகி ஒன்பது நிமிடம் ஒன்றுமே இல்லை. திருவேற்காட்டு அம்மனில் ஆரம்பித்து நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு இரண்டு பவர் கார்டையும் பிடுங்கி, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டுச் செருகினேன். ஃபேன் கூவிக்கொண்டு எழுந்ததும்தான் உயிர் வந்தது. லோடு கொடுத்தால் 2.8 கிகாஹெர்ட்ஸ். சம்பளக் கணக்கு 38 நிமிடம்.

கிண்டியிலிருந்து:

சார், கார்டைப் பிடுங்கியதில் சரியானதா, ஃபர்ம்வேரிலா? ஏன் கேட்கிறேன் என்றால், எங்களுக்கு இதே 800 வந்தபோது புது ஃபர்ம்வேர் ஏற்றியும் மாறவில்லை. இரண்டு பவர் சப்ளையில் ஒன்று செத்து, அவசரத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழசு ஒன்று வாங்கிச் செருகியிருந்தோம். அளவு கச்சிதமாகப் பொருந்தியது, யாரும் வாட்ஸைப் பார்க்கவில்லை. செத்துப்போனது 750, மாற்றிப் போட்டது 495. பி.எம்.சி லாகில் பொருந்தாத பவர் சப்ளை என்று பதினைந்து நாளாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் அந்த லாகைத் திறந்தால்தானே.

அம்பத்தூர்க்காரன்:

நியாயமான கேள்வி தம்பி. இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் கார்டைப் பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதன் பிறகு இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது, வேகம் குறையவில்லை.

சோழிங்கநல்லூர் ஆள்:

எனக்குத் தலைகீழ் அனுபவம். நன்றாக ஓடிய சர்வருக்கு ஃபர்ம்வேர் ஏற்றினேன், மறுநாள் எல்லாரும் மெதுவாக இருக்கிறது என்று புகார். நான் மாற்றி வைத்திருந்த பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே திரும்பி, பவர் ப்ரொஃபைல் சிக்கனத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அப்டேட்டுக்கு முன் ஒவ்வொரு திரையையும் போனில் படம் பிடிப்பது அன்றிலிருந்து வழக்கம்.

இன்னொரு விஷயம். விர்ச்சுவல் மெஷினுக்குள் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கம்ப்யூட்டர்) இருந்துகொண்டு வேகத்தைத் தேடாதீர்கள். உள்ளே பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சடித்த வேகம்தான் தெரியும். நான் அரை நாள் அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். அதைத் தாங்கி நிற்கும் நிஜ சர்வரான ஹோஸ்டில் பார்த்தால்தான் உண்மை.

புதிது வந்ததும் ஏற்றிவிடும் ஆளும் நான் இல்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது அவசரமாக வந்த மைக்ரோகோடால் (பிராசசருக்குள் ஏறும் திருத்தம்) சில பிராசசர்கள் இருந்த சர்வர்கள் தானாக ரீபூட் ஆயின. அந்த மாதம் 22ஆம் தேதி, பிராசசரைத் தயாரித்த இன்டெல்லே அதை ஏற்றுவதை நிறுத்தச் சொன்னது. இரண்டு வாரமாவது அடுத்தவன் ஏற்றட்டும் என்று விட்டுப் பார்ப்பேன்.

புதிய உறுப்பினர்:

எங்கள் சர்வர் சிறுசேரி டேட்டா சென்டரில் இருக்கிறது அண்ணா, நான் இருப்பது தாம்பரத்தில். கார்டைப் பிடுங்க நேரில்தான் போக வேண்டுமா?

அம்பத்தூர்க்காரன்:

பி.எம்.சி மெனுவில் பார், சில மாடல்களில் கார்டைப் பிடுங்கிச் செருகியதற்குச் சமமாக ஒரு பவர் சைக்கிள் இருக்கும். சாதாரண ரீஸ்டார்ட்டோடு குழப்பிக்கொள்ளாதே. அது இல்லையென்றால் அங்கே இருக்கும் ஆளிடம் டிக்கெட் போட்டு, எந்த ரேக், எந்த யூனிட், இரண்டு கார்டும் என்று தெளிவாக எழுது. ஒரு கார்டை மட்டும் பிடுங்கினால் மற்றொன்றில் பி.எம்.சி நிம்மதியாக விழித்திருக்கும்.