பட்டறையா, செடியா? வழி சொல்லுங்க

வணக்கங்க. சேலம் சிவதாபுரத்திலிருந்து எழுதுறேன். வீட்டோட வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பி.காம். முடிச்சுட்டு அப்பாவுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஆர்டர் நெருக்கினா சலங்கை கோர்க்கவும் உட்காருவேன். இந்தத் தொழில்தான் எங்களைப் படிக்க வச்சது, அதுமேல வெறுப்பே கிடையாது. ஆனா மனசு ஒட்ட மாட்டேங்குது.

ஏற்காட்டுல சித்தப்பா காபித் தோட்டத்துல மேஸ்திரி. அங்க போனா எனக்கு நேரம் போறதே தெரியாது. மரப்பட்டையைப் பிடிச்சு வளர்ற ஆர்க்கிட் வேரைப் பார்த்திருக்கீங்களா? காய்ஞ்சிருக்கும்போது சாம்பல் வெள்ளையா இருக்கும். மழை பட்டதும் கண்ணெதிரேயே பச்சையாகும். மரத்தோட சத்தை உறிஞ்சாம, பட்டையில வழியுற தண்ணியையே பிடிச்சு வாழுது. செடி வளர்க்கிறதுதான் என் வேலையோன்னு தோணுது.

லீவுக்குப் போறவங்களுக்கு மலை எப்பவும் அழகுதான். ஐப்பசி மழையில நாள் முழுக்க நாத்துப் பையில மண் நிரப்பினாலும் இந்த ஆசை நிலைக்குமா? அதைத்தான் சோதிச்சுப் பார்க்கணும்.

ஏற்காட்டுல வேளாண் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தாவர மதிப்பாய்வுத் துறையோட ஆர்க்கிட் தோட்டமும் இருக்கு. அங்க பயிற்சி எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? தாவரவியல் படிக்காதவங்களைச் சேர்த்துக்குவாங்களா? ஏற்காட்டுல நர்சரி வச்சிருக்கிற அண்ணன், அக்கா யாராவது சில மாசம் கூட வேலை பார்க்க விட்டாலும் போதும், சம்பளம் வேண்டாம்.

குடும்பத் தொழிலை விட்டு வந்தவங்க, அப்பாகிட்ட எப்படிப் பேச்செடுத்தீங்கன்னும் சொல்லுங்க. கொலுசு சீசன் முடிஞ்சதும் பேசலாம்னு இருக்கேன்.