மலைவாழையில் முடிக்கொத்து: திசு வளர்ப்புக் கன்றா, பக்கக் கன்றா?

கீழ்மலைக்காரன்:
தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் நிற்கும் விருப்பாட்சி என்ற மலைவாழை ரகத்தின் தூர்களில் முடிக்கொத்து நோய் வந்து, குருத்து இலைகள் குட்டையாகிக் கொத்தாக நிற்கின்றன. மறுநடவுக்கு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று வாங்குவதா, பக்கத்துத் தோட்டத்தில் தாய் மரத்தடியில் முளைத்த நல்ல பக்கக் கன்று எடுப்பதா?

நாற்றங்கால் செல்வம்:
பக்கக் கன்றே வேண்டாம் அண்ணே. இந்த நோயைத் தரும் வைரஸ் கிழங்கிலேயே இருக்கும். தாய் மரத்தில் அறிகுறி தெரியும் முன்பே கன்றுக்குப் போய்விடும். பார்வைக்குச் செழிப்பாக இருக்கும் கன்றைத் தூக்கிக்கொண்டு போய் நட்டுத்தான் ஊர் ஊராக இந்த நோயைப் பரப்பினோம். வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று ஒன்றுதான் வழி.

சிறுமலை வாழை:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வரும், சரி. ஆனால் அதற்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் கிடையாது. பக்கத்தில் ஒரு நோய்த் தூர் நின்றால் அசுவினிப் பூச்சி அங்கே சாறு குடித்துவிட்டு இங்கே வந்து உட்காரும். வைரஸ் ஏறிய அசுவினி சாகும்வரை பரப்பும். சமவெளியில் ஓராண்டில் வெட்டி அழித்துவிட்டு வேறு பயிர் வைக்கலாம். இங்கே காப்பி, மிளகு நடுவே வாழை ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய கன்றும் தார் போடாமல்தான் நிற்கும்.

வேளாண் மாணவி:
இரண்டு பேரும் கன்றைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் பிஜியிலிருந்து போன கன்றோடு இந்த நோய் நுழைந்து 1920களில் தோட்டங்களையே காலி செய்தது. மேகி என்ற விஞ்ஞானி அசுவினிதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்தார். அப்புறம் அவர்கள் மீண்டது எப்படி? திசு வளர்ப்பு அப்போது கிடையாது. சட்டம் போட்டு, தோட்டம் தோட்டமாகப் பார்த்து நோய்த் தூரை அழித்தார்கள். சுத்தமான இடத்திலிருந்து மட்டும் கன்று எடுத்தார்கள்.

அடையாளம் எளிது. இலைக்காம்பின் அடியில் இருக்கும் வெள்ளை மாவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடும். புது இலை குட்டையாக, விளிம்பு மஞ்சளாகி நட்டுக்கொண்டு நிற்கும். காய்ந்த மட்டையை விலக்கினால் எறும்பு மொய்க்கும் இடத்தில் அசுவினி இருக்கும்.

நாற்றங்கால் செல்வம்:
அம்மா, அங்கே அரசாங்கம் சட்டத்தோடு நின்றது. இங்கே பக்கத்துத் தோட்டக்காரரிடம் "உங்கள் தூரை வெட்டுங்கள்" என்று யார் போய்ச் சொல்வது? தார் விட்ட மரத்தை யாரும் தொட விடமாட்டார்கள். அவரவர் கையில் இருப்பது நல்ல கன்று வாங்குவதுதான்.

சிறுமலை வாழை:
போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும் தம்பி, அதில்தான் எல்லாமே இருக்கிறது. திசு வளர்ப்பில் கலப்பின ரகங்கள் சிலவற்றில் மரபணுவுக்குள் தூங்கும் கீற்று வைரஸ் என்ற வேறொரு வைரஸ் விழித்துக்கொள்வதும் உண்டு.

நாற்றங்கால் செல்வம்:
விருப்பாட்சி நாட்டு ரகம் ஐயா, அதைப் புதிதாக உருவாக்கிய கலப்பினத்தோடு சேர்க்காதீர்கள். சான்று பெற்ற திசு வளர்ப்புக் கூடமா என்று கேட்டு வாங்கினால் போதும்.

வேளாண் மாணவி:
அண்ணா, எந்தக் கன்றை வாங்கினாலும் முதலில் நோய்த் தூருக்கு மருந்தடித்து அசுவினியைக் கொல்லுங்கள். அடிக்காமல் சாய்த்தால் அது அடுத்த மரத்துக்கு நகரும். பிறகு கிழங்கோடு தோண்டுங்கள். துண்டுக் கிழங்கு மண்ணில் கிடந்தாலும் நோயோடு முளைக்கும்.

கீழ்மலைக்காரன்:
எங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு தோட்டக்காரர்களிடமும் இந்த வாரமே பேசுகிறேன். அவர்கள் வெட்ட ஒத்துக்கொண்டால்தான் திசு வளர்ப்புக் கன்றுக்கு முன்பணம் கட்டுவேன்.