முடிவு தெரிந்தும் மனசு கேட்கவில்லை: பேட்ஸ் மோட்டல் பார்த்த அனுபவம்

பேட்ஸ் மோட்டல் என்ற அமெரிக்க டிவி தொடரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதன் நாயகன் நார்மனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அவன் அம்மா நார்மா.

1960இல் வந்த சைக்கோ படத்தில் அந்த அம்மா எப்போதோ செத்துப்போனவள், மகனின் மனசுக்குள் ஒலிக்கும் குரல் மட்டுமே. 2013 முதல் 2017 வரை ஐந்து சீசன் ஓடிய, அந்தப் படத்துக்கு முன்கதையான இந்தத் தொடர் அந்தக் குரலுக்கு உடம்பும் உயிரும் கொடுத்துவிட்டது. வேரா ஃபார்மிகா நடிப்பில் நார்மா கத்துகிறாள், கெஞ்சுகிறாள், அடுத்த நிமிஷமே புடவைக்கடைப் பொம்மை மாதிரி சிரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

தன்னை மறந்த நிலையில் நார்மன் அப்பாவை அடித்துக் கொன்றுவிடுகிறான். பிறகு அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. நார்மா அதை விபத்தாகக் காட்டி மூடி மறைத்து, இன்சூரன்ஸ் பணத்தில் ஒரிகன் மாநிலத்தில் ஒரு மோட்டலை, அதாவது சாலையோர விடுதியை, வாங்கிக் குடியேறுகிறாள். மகனிடம்கூட உண்மையைச் சொல்வதில்லை. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூட உட்கார்ந்து பார்த்த என் அக்கா, வயசுப் பையனை வைத்திருப்பவள், சட்டென்று திரும்பி, "எந்த அம்மாடீ பெத்த பிள்ளையைக் காட்டிக்கொடுப்பா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சீசனிலும் அந்த மறைப்புதான் அடுத்த சாவுக்கு வழிவிடுகிறது.

இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது சீசனில் மகனின் சிகிச்சைச் செலவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்பதற்காகவே ஊர் போலீஸ் தலைவரான ஷெரீஃப் ரொமேரோவை நார்மா கல்யாணம் செய்துகொள்கிறாள். அது நிஜமான அன்பாகவே மாறுகிறது. முதல்முறையாக அவள் நிம்மதியாகச் சிரிக்கிறாள். அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தும், தப்பித்துவிட மாட்டாளா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தூங்குகிறவளை நார்மன் விஷப்புகையால் கொன்ற அந்த ஒன்பதாவது எபிசோடு முடிந்ததும் நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

நார்மா இல்லாமல் என்னத்தைப் பார்ப்பது என்று அக்கா ஐந்தாவது சீசனைத் தொடவே மாட்டேன் என்கிறாள். நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கட்டாயம் பார் என்று. நார்மன் மனசுக்குள் வாழும் அம்மாவாக அதே ஃபார்மிகாதான் வருகிறார். முகம் அதேதான். ஆனால் நார்மாவிடம் இருந்த ஈரம் துளிக்கூட இல்லாத வேறொருத்தி.