உங்க ஊர்லேர்ந்து மிருகக்காட்சிசாலை எவ்வளவு தூரம்?

ஊர் பேரும் கிலோமீட்டரும் மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லை, அதை மேப்பே சொல்லிடும். எந்த வழியா போறது, என்னைக்கு லீவு, எத்தனை மணிக்குள்ள உள்ள இருக்கணும், பக்கத்துலயே குடியிருந்தா என்ன கவனிக்கணும்னு தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. வந்த பதில்கள் ஊர் வாரியா கீழே.

வண்டலூர், கொளப்பாக்கம் பக்கம்

சென்னைக்குத் தெற்கே இருக்கிற வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவோட சுவரை ஒட்டி இருக்கிற ஊர்கள் வண்டலூர், கொளப்பாக்கம், நெடுங்குன்றம். சில தெருக்களுக்கு சுவர் நடந்து போற தூரம்தான். ஆனா பார்வையாளர் வாசல், செங்கல்பட்டு போற நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோடு பக்கம் இருக்கு. பூங்கா 602 ஹெக்டேர். அதனால பின்பக்கத்துக் குடியிருப்புலேர்ந்து சுத்திக்கிட்டு வாசலுக்கு வர வண்டி இல்லாம முடியாது. "ஜூவுக்கு எதிரே" என்று விளம்பரம் பார்த்து மனை வாங்குறவங்க எந்தப் பக்கத்துச் சுவர் என்று கட்டாயம் கேளுங்க.

சிங்கத்தின் சத்தம் கேட்குமா என்று எல்லோரும் கேட்பாங்க. கேட்கும். முதலில் இரண்டு மூன்று நீண்ட முனகல், அப்புறம் முழுக் கர்ஜனை, கடைசியில் குட்டையான உறுமல்கள் வரிசையாக வந்து அடங்கும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். தாழ்ந்த சுருதி என்பதால் பல கிலோமீட்டர் போகும். பொழுது சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்னாலும்தான் தெளிவாகக் கேட்கும், ஏன்னா அப்போ தரையை ஒட்டி குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. மேலே போகிற சத்தம் கீழே வளைந்து வரும். ஜிஎஸ்டி ரோட்டில் லாரி ஓடுகிற பக்கம் அதே நேரத்திலும் ஒன்றும் கேட்காது.

சுத்தி இருப்பது காப்புக்காடு. குரங்கு, மயில், பாம்பு வரத்தான் செய்யும். குப்பைத் தொட்டிக்கு மூடி, தண்ணீர்த் தொட்டிக்கு வலை, சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை, இது மூன்றும் இருந்தால் குரங்குத் தொல்லை பாதி குறையும். ஒரு வீட்டில் வாழைப்பழம் கொடுத்தால் தெருவுக்கே அது வழக்கமாகிவிடும். பாம்பு வந்தால் கம்பை எடுக்காதீங்க. கதவைச் சாத்தி, இடுக்கில் துணி வைத்துவிட்டு வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்க. தீபாவளிக்கு சுவரோரமாக அதிர்வெடி வெடிப்பதை விட்டுவிடுங்க. மிரண்ட மான் வேலியில் மோதி கழுத்தை முறித்துக்கொள்ளும்.

வண்ணாரப்பேட்டை

வடசென்னைக்கு ஒரு காலத்தில் மிருகக்காட்சிசாலை நடை தூரம். 1985 வரை மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டித்தான் இருந்தது. பெரியவங்க இன்னும் உயிர் காலேஜ் என்றுதான் சொல்லுவாங்க. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஆரம்பித்து, பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, 1985 ஜூலையில் வண்டலூரில் திறந்தாங்க. மிருகங்களுக்கு நல்லது நடந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனா வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பிள்ளைகளுக்கு அரை நாள் பயணமாகிவிட்டது.

பீச் ஸ்டேஷனிலேர்ந்து போறவங்க தாம்பரம் வண்டியில் ஏறாதீங்க, அது தாம்பரத்தோட நின்னுடும். செங்கல்பட்டு வண்டியில் ஏறணும். தாம்பரம், பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர். ஸ்டேஷன் ஜிஎஸ்டி ரோட்டுக்கு மேற்கே, பூங்கா கிழக்கே. இடையில் அந்த ரோட்டைக் கடப்பதுதான் மொத்தப் பயணத்திலும் ஆபத்தான இடம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்க.

விழுப்புரம்

தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு 2023 டிசம்பருக்குப் பிறகு சுலபம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கினால் வண்டலூர் பூங்கா அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கோயம்பேடு வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

நேரம்தான் முக்கியம். காலை ஒன்பதுக்கு வாசலில் நிற்க வேண்டும். புலியும் சிங்கமும் காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் நடமாடும், வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும், சாயங்காலம் இரவுக் கூண்டுக்குள் போய்விடும். அங்கேதான் இறைச்சி. நாலு மணிக்கு மேல் போய் புலி அடைப்பைச் சுற்றிய அகழியை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிற குடும்பங்கள் ஏராளம். அதனால் உள்ளே போனதும் நேராகப் புலிப் பக்கம் போங்கள். பறவை, ஊர்வன எல்லாம் மதியம் பார்த்தாலும் கெட்டுப்போகாது. முழுச் சுற்றும் நடக்க மூன்று நாலு மணி நேரம் ஆகும், வயதானவர்கள் இருந்தால் பேட்டரி வண்டி எடுங்கள். பிளாஸ்டிக் பை வாசலிலேயே தடைபடும், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

செவ்வாய் விடுமுறை. வாரம் ஒரு நாள் பார்வையாளர்களை விடக்கூடாது என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. புலி, சிங்கங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினியும் உண்டு. காட்டில் தினமும் இரை கிடைக்காது, வயிறும் அதற்கேற்றபடிதான். பொங்கல் வாரத்தில் செவ்வாயும் திறப்பதுண்டு, ஆனால் காணும் பொங்கலன்று கூட்டத்தில் குழந்தை தவறுவது சகஜம். கைபேசி எண்ணைப் பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதிவிடுங்கள்.

வேளச்சேரி

எங்கள் பக்கத்துக்கு மிக அருகில் கிண்டி. பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும் அடுத்தடுத்து, இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை உறவினர் வந்து நின்றால் மாமல்லபுரம் பஸ் ஏறி முதலைப் பண்ணைக்குப் போங்கள், வழியிலேயே இறங்கலாம். கிண்டிப் பண்ணை 1972, முதலைப் பண்ணை 1976, இரண்டையும் தொடங்கியவர் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர்.

முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் காட்டுவதைத் தவறவிடாதீர்கள். ஜாடியின் வாயில் மெல்லிய சவ்வைக் கட்டி, பாம்பின் தலையைப் பின்னாலிருந்து பிடித்து விளிம்பில் வைப்பார்கள். பல் சவ்வில் இறங்கியதும் மஞ்சளாகச் சில சொட்டு கண்ணாடியில் வழியும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்தின் தொடக்கம் இதுதான். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கோயம்புத்தூர்

எங்களுக்கு மிருகக்காட்சிசாலை ஊருக்குள்ளயே இருந்ததுங்க. வஉசி பூங்காவுல 1965லேர்ந்து நடந்தது, நாலரை ஏக்கர்தான். இடம் பத்தலைன்னு 2022ல அங்கீகாரம் ரத்தாயிருச்சு. புள்ளிமான்களைச் சிறுவாணிக் காட்டுப் பக்கம் விட்டாங்க. மான்களுக்கு நல்லதுங்க, ஊருக்குத்தான் பூங்கா போச்சு.

இப்ப பெரிய பூங்கான்னா திருச்சூர் இல்லன்னா மைசூரு. திருச்சூர் சுமார் 115 கிலோமீட்டர், ரயில் இருக்குது. அங்க 1885லேர்ந்து நகரத்துக்குள்ள இருந்ததை இப்ப புத்தூருக்கு மாத்தியிருக்காங்க, பழைய விலாசத்துக்குப் போயிராதீங்க. மைசூருக்கு சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை வழியா 200 கிலோமீட்டர். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி ஒம்பது மணியிலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் கார்களை விடமாட்டாங்க, லாரிகளுக்கு சாயங்காலம் ஆறுக்கே அடைச்சிருவாங்க. மைசூருல மூணு மணிக்கே கிளம்பிருங்க. வழியில டீ, சாப்பாடுன்னு நின்னு செக்போஸ்ட்ல மாட்டினா விடியற வரைக்கும் வண்டிலதான். மைசூரு பூங்காவுக்கும் செவ்வாய் லீவுங்க.

நாகர்கோவில்

நமக்கு மாநிலம் தாண்டினாதான் பக்கம். திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். தம்பானூரில் இறங்கி பாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் மியூசியம் என்று சொன்னால் போதும், மிருகக்காட்சிசாலை அந்த வளாகத்தில்தான். 1857இல் தொடங்கியது, 55 ஏக்கர், முழுக்க மர நிழல். திங்கள் விடுமுறை. அதே வளாகத்து நேப்பியர் அருங்காட்சியகம் புதன் காலையிலும் மூடியிருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வியாழன் நல்லது.

நகரத்தின் நடுவில் பூங்கா இருப்பதன் மறுபக்கத்தையும் சொல்லணும். 2023 ஜூனில் திருப்பதியிலிருந்து வந்த அனுமன் குரங்கு கூண்டு திறந்ததும் மரத்தில் ஏறிப் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு மேல் நகரத்து மரங்களிலேயே இருந்தது. கூட்டம் கூடிக் கைதட்டினால் அது இன்னும் தூரம் போகும். இப்படி ஏதாவது உங்கள் வீட்டு மரத்தில் வந்து உட்கார்ந்தால் நாயைக் கட்டிப்போடுங்கள், தின்ன ஒன்றும் வீசாதீர்கள், பூங்காவுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

வெள்ளவத்தை

கொழும்பில இருக்கிற எங்கட ஆக்களுக்கு தெஹிவளை மிருகக்காட்சிசாலை நாலு கிலோமீற்றர்தான். காலி வீதியில 100, 101 பஸ் எடுத்து தெஹிவளைச் சந்தியில இறங்கி, உள்ளுக்கு ஓட்டோவில போங்கோ. மிருக வியாபாரி ஜோன் ஹாகன்பெக்கின்ர கம்பனி நடத்தினதை 1936இல அரசாங்கம் எடுத்தது. வருசம் முழுக்கத் திறந்திருக்கும், ஆனபடியால் நாளைப் பற்றிக் கவலை வேண்டாம். மேடு பள்ளம் கூட, சக்கர நாற்காலி தள்ளுறது கஷ்டம். வயது போனவையை காலமை வெள்ளெனக் கூட்டிக்கொண்டு போங்கோ, பின்னேரம் மழை வந்தால் ஒதுங்க இடம் தேட வேணும்.

மதுரை

இவ்வளவு பெரிய ஊருக்கு புலி, சிங்கம் உள்ள பூங்கா பக்கத்தில் எங்கேயும் இல்லை என்பது பெரிய குறைங்க.  திருவனந்தபுரம் முந்நூறுக்குக் கிட்ட. வண்டலூர் அதையும் தாண்டும், ஆனா நடைமுறையில் அதுதான் சுலபம். ராத்திரி ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்குங்க, அங்கேருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். விடியக்காலையிலேயே வந்துவிடுவீங்க, தாம்பரத்திலேயே குளித்து டிபன் முடிச்சிட்டுக் கிளம்பினா ஒன்பது மணிக்கு டிக்கெட் வரிசையில் முதல் ஆளா நிற்கலாம். திங்கட்கிழமை ராத்திரி மட்டும் ஏறிடாதீங்க, மறுநாள் செவ்வாய் விடுமுறை.