ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு: எங்க ஊர் தொடக்கப் பள்ளி

செஞ்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா

என் பையன் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் நாலாவது படிக்கிறான். பொண்ணு எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ரெண்டாவது. ஒரே வீட்டிலிருந்து ரெண்டு பள்ளியையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையை உள்ளூரிலேயே சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்க ஊரில் எப்படி என்று நீங்களும் சொல்லுங்கள்.

பொண்ணு ஒண்ணாவது சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது. சாயந்திரம் கூட்டி வரப் போன என்னை டீச்சர் நிறுத்தி, "பாப்பா போர்டைப் பார்த்து எழுதுறதில்லம்மா. பக்கத்துப் பிள்ளை சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுறா. முன்னாடி உட்கார வெச்சாலும் கண்ணைச் சுருக்குறா. ஒரு தடவை கண்ணு காட்டிடுங்க" என்றார். அரசு மருத்துவமனையில் காட்டினால் ரெண்டு கண்ணிலும் பவர். கண்ணாடி வாங்கிய அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வருகிற போகிற பஸ் போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'மேல்மலையனூர்' வாசித்து முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விட்டது. நான் பெற்றவள், எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது.

பையன் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அவனுடைய வகுப்பாசிரியை கேட்ட முதல் கேள்வி, "இவன் ஏ செக்ஷனா, பி செக்ஷனா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு செக்ஷனுக்கே 40 பிள்ளைகளுக்கு மேல். ஆனால் அன்றைக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை பத்தரை மணிக்கு ஆதார் நகல் கொடுக்கப் போனேன். பெரிய டீச்சர் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒண்ணிலிருந்து அஞ்சு வரைக்கும் 34 பிள்ளைகளும் ஒரே அறையில். டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டா ஓரத்தில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார், எமிஸ் என்கிற கல்வித் துறை ஆன்லைன் பதிவேட்டில் வருகைப்பதிவு ஏற மாட்டேன் என்கிறதாம். அஞ்சாவது பிள்ளை ஒருத்தி ஒண்ணாவது குழந்தையின் கையைப் பிடித்து 'ழ' போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அஞ்சாவது பிள்ளைக்கு அன்றைக்குப் பின்னக் கணக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மூணாவதும் நாலாவதும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்து பார்த்தேன். டீச்சர் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. ஒரு வகுப்புப் பாடமும் முழுசாக நடக்கவில்லை.

மற்ற நாட்களில் ரெண்டு பேர். அப்போதும் ஒருவருக்கு ரெண்டரை வகுப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான், 61 ஆனால் மூணு. எங்க பள்ளியில் முன்பு மூணு பேர் இருந்தார்கள். எண்ணிக்கை 60-க்குக் கீழே இறங்கியதும் மூணாவது டீச்சரை உபரி என்று வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். டீச்சர் குறைந்ததைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றினார்கள். எங்க பள்ளியின் மற்ற குறைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் எண்ணம்.

இங்கிலீஷ் விஷயமும் அப்படித்தான். ஆங்கில வழி உண்டு என்று சேர்க்கையின்போது சொல்கிறார்கள். தமிழ் வழி, ஆங்கில வழி ரெண்டும் ஒரே பாயில், ஒரே டீச்சர். புத்தகம் மட்டும்தான் வேறு. பொண்ணு தமிழில் நாலைந்து வரிக் கதையைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள், அண்ணனுக்கே தப்பைத் திருத்துகிறாள். இங்கிலீஷில் 'cat', 'rat' தாண்டவில்லை.

கழிவறைக்கு இந்த வருஷம் ஆரம்பத்தில் தண்ணீர் இல்லை. பொண்ணு மூணு மணி வரைக்கும் அடக்கி வைத்திருந்து வீட்டுக்கு ஓடி வருவாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். தீர்மானம் எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து நின்று வாசித்தோம். அடுத்த மாசம் பைப் போட்டார்கள். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் மாசா மாசம் வருவதில்லை, அதனால் அந்த அக்கா வாரத்தில் ரெண்டு நாள்தான் வருகிறார். அது இன்னும் தீரவில்லை.

திருச்சி மாவட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியை

அந்த டீச்சர் இடத்தில் நான் பல வருஷம் நின்றிருக்கிறேன் அம்மா.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுக்க வந்தது. பாட அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை, எழுதினதைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பலர் குறை சொன்னார்கள். ஈராசிரியர் பள்ளியில் இருந்த எனக்கு அது பெரிய உதவி. ஒரு பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து உட்கார்ந்துவிட்டால் நான் இன்னொரு குழுவிடம் போகலாம். இப்போது அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் யோசனை நல்லதுதான். 2022-இல் மூணாவது வரைக்கும் தொடங்கி, அடுத்த வருஷம் நாலுக்கும் அஞ்சுக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் மதிப்பிடுவதும் அதை போன் ஆப்பில் ஏற்றுவதுமே பாதி நேரத்தைத் தின்கிறது என்று இப்போது பணியில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் அழுகிறார்கள்.

மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்கிறேன். கூட இருந்த சார் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்பலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே சொல்கிறது. பதினொன்றரை மணிக்கு ரெண்டாவது பையன் ஒருவன் படியில் இடறி விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. என் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறேன், ரத்தம் நிற்கவில்லை. இவனைத் தூக்கிக்கொண்டு போனால் மற்ற நாற்பது பிள்ளைகளை யார் பார்ப்பது? ரோட்டை ஒட்டிய பள்ளி, கேட் கிடையாது. சத்துணவு ஆயா உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து, "நீங்க போங்க டீச்சர், நான் வாசல்ல குந்திக்கிறேன்" என்றார். வழியில் போன தம்பி ஒருவர் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு தையல். திரும்பி வந்தபோது ஆயா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார், உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சோறு அன்றைக்கு ஒன்றரை மணிக்குத்தான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

எனக்குப் பின்னால் வந்தவர்களாவது அப்படித் தனியாக நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் எழுதியிருக்கும் புதன்கிழமையைப் படித்ததும் அந்த நாள்தான் கண்முன் வந்தது.

கிருஷ்ணகிரி, ஓர் அப்பா

எனக்கு எழுத அவ்வளவாக வராது. கொரோனாவில் வேலை போய், ஃபீஸ் கட்ட முடியாமல்தான் பெரியவனை அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். அப்போது அவமானமாக இருந்தது. இப்போது சின்னவனையும் அங்கேதான் சேர்த்திருக்கிறேன், விரும்பியே சேர்த்தேன். நானும் வீட்டுக்காரியும் காலையில் ஆறு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். முன்பு ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவோம், பாதி நாள் பெரியவன் சாப்பிடாமலே போய்விடுவான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சமைப்பது எங்க ஊர் மகளிர் குழு அக்காமார்தான். பொங்கல் போடுகிற நாளில் சின்னவனை யாரும் எழுப்பத் தேவையில்லை, அவனே பல் விளக்கிவிட்டு நிற்கிறான். மத்தியானம் முட்டையோடு சோறு. பிள்ளை பசியோடு உட்கார்ந்திருப்பானே என்ற நினைப்பு இல்லாமல் வேலை பார்க்க முடிகிறது. இங்கிலீஷ் பற்றி நீங்கள் எழுதியது எங்க பள்ளிக்கும் அப்படியே பொருந்தும்.

புதுக்கோட்டை, முன்னாள் மாணவர்

ஒன்று விட்டுப்போயிற்று. நான் படித்தபோது ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று தெரிந்தும் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றோம். இன்றைக்கு வசதியுள்ள தெருக்களுக்கு வேன் வருகிறது, பள்ளியில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒரு தெருப் பிள்ளைகள். ஊரிலும் 'காலனி ஸ்கூல்' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் மற்றத் தெருக்களில் மிச்சமிருந்த ரெண்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். போன மாசம் போயிருந்தேன். கட்டடம் புதுசு, திறன் பலகை இருக்கிறது, டீச்சர் அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் என்னோடு பாயில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே இல்லை. வரும் வழியெல்லாம் அதுதான் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் செஞ்சிப் பக்கத்து அம்மா

டீச்சரம்மா, நீங்கள் எழுதியதை எங்க டீச்சரிடம் படித்துக் காட்டினேன். ஆயா வாசலில் குந்தியிருந்த இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் சேர்க்கைக்காக அவரோடு நானும் வீடு வீடாகப் போனேன். இந்த வருஷம் அஞ்சாவது முடித்து 9 பேர் வெளியே போகிறார்கள். ஒண்ணாவதுக்கு வரும் வயதில் ஊரில் 14 பிள்ளைகள் இருக்கிறார்கள், இதுவரைக்கும் 4 பேர்தான் சரி என்றிருக்கிறார்கள். எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிற ஆகஸ்ட் 1 கணக்குக்குள் இன்னும் எத்தனை பேர் வருவார்களோ. காலை உணவைச் சொன்னேன், எங்க பொண்ணு கண்ணாடிக் கதையைச் சொன்னேன். மேலத்தெருவில் ஒரு அக்கா எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் பெரிய பையன் எங்கடி படிக்கிறான்?" என்றார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். "அஞ்சாவது ஒரு வருஷம்தானே, அங்கேயே முடிக்கட்டுமே" என்கிறார். பையனைக் கேட்டால், "தங்கச்சி டீச்சர் எனக்கும் சொல்லிக்கொடுப்பாங்களா?" என்கிறான். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம்.